வாங்கும் விலை

எங்கள் வங்கிக் கிளையில் நாணயமாற்றுப் பலகையை எழுதுகிறவள் நான். கொழும்பில் அது இப்போது மின்சார எழுத்தில் ஓடுகிறதாம். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருக்கிற எங்களுக்கு இன்னும் வெள்ளைப் பலகையும் கறுப்பு மார்க்கரும்தான். காலையில் கொழும்பிலிருந்து அன்றைய விலைகள் வரும். கதவு திறக்க முன்பு கதிரையில் ஏறி நின்று டொலர், பவுண், யூரோ, ரியால், திர்ஹாம், தினார் என்று எழுதிவிட்டு இறங்குவேன். இடது பக்கம் வாங்கும் விலை, வலது பக்கம் விற்கும் விலை.

இந்த இரண்டு சொல்லோடும் இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறேன். வாங்கும் விலை என்றால் வங்கி வாங்கும் விலை. நீங்கள் தினாரைக் கொண்டுவந்து நீட்டினால் அந்த விலைக்குத்தான் உங்களுக்கு ரூபாய் கிடைக்கும். ஆனால் வருகிற சனமெல்லாம், படித்த ஆட்கள்கூட, தாங்கள் வாங்கப்போகும் விலை என்றே அதைப் பிடித்துக்கொள்வார்கள். கூடின விலை வலது பக்கம் இருக்க, குறைந்த விலையைக் கொடுத்து நான் ஏமாற்றுகிறேன் என்று சண்டைக்கு வருவார்கள். "நீங்கள் விக்கிறீங்கள், நாங்கள் வாங்கிறம்" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

எனக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததற்கு வேறு காரணம் தேடி யாரும் மினக்கெட வேண்டாம்.

என் தங்கச்சி என்னைவிட எட்டு வயது இளையவள். நாங்கள் சம்பூர்க்காரர். சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்த காலத்தில் அவளுக்குச் சாதாரணதரப் பரீட்சை. முகாமில் இருந்து போய் எழுதி, கணக்கில் கோட்டை விட்டாள். நான் அதற்கு முன்பே வங்கிப் பரீட்சை எழுதி நகரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டேன். "மூத்தவள் பாங்கில, இளையவள் வீட்டில" என்று அம்மா ஆட்களுக்குச் சொல்லுவா. அதைக் கேட்க எனக்கு இனிக்கும். அவளுக்குக் கணக்குப் பிழைத்தது அவளுடைய குற்றமில்லை, ஷெல் அடியின் குற்றம் என்று தெரிந்தும் இனிக்கும்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கச்சி ஒருவனைக் கட்டினாள். கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டு அவன் போய்விட்டான். அந்த மனிசனைப் பற்றி எழுதி இந்தத் தாளைப் பழுதாக்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளைக்கு இரண்டு வயதானபோது தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால், பிள்ளையை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, "அக்கா, பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். பிள்ளை தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டே என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். எனக்குக் கண்ணீர் வந்தது. அந்தப் பிடியின் இறுக்கமும் பிடித்திருந்தது.

மூன்று மாதத்தில் அவள் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள். நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? குளிப்பாட்டுகிறவள் நான், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் நான். ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சி வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்க, பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா, பிஸ்கட்" என்றாள். தங்கச்சி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு, "அக்கா, அவளுக்கு என்னைத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து பெரியம்மா என்று சொல்லப் பழக்கினேன். முன்னால் ஒட்டிக்கொண்ட அந்தப் 'பெரிய' என்ற சொல்லை அவளுடைய வாயில் நானே திணித்தேன். ஒரு சொல்லின் மேல் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவரை சிரித்திருப்பேன்.

தங்கச்சியின் கணக்கு எளிதானது. சம்பூரில் அப்பாவின் காணி திரும்பக் கிடைத்திருந்தது. அதில் இரண்டு அறையும் குசினியும் உள்ள ஒரு கல்வீடு, ஒரு கிணறு, இரண்டு பசுமாடு. இருபத்தைந்து இலட்சம் ரூபாய் இருந்தால் வந்துவிடலாம் என்றாள். மாதச் செலவுக்குப் பிள்ளையின் பெயரில் அனுப்பியது போக, மிச்சத்தைத் தன் முதலாளியம்மாவிடம் சேர்த்து வைத்தாள். மேடம் நல்லவா என்றாள். ஐந்து வருடத்துக்கு மேல் அங்கே பாத்திரம் கழுவி இரண்டாயிரத்து ஐந்நூறு தினார் சேர்த்திருந்தாள். அந்த நேரம் ஒரு தினாருக்கு அறுநூற்று அறுபது, எழுபது ரூபாய்.

"தினார் ஆயிரம் ரூபாய்க்கு வந்தா, அடுத்த பிளேனில அம்மா வந்திடுவன்" என்று ஒரு நாள் போனில் பிள்ளையிடம் சொன்னாள். பகிடிக்குச் சொன்னதுதான். ஆயிரமா! அரசாங்கம் டொலரை இருநூறு ரூபாய்க்குக் கிட்ட இழுத்துக் கட்டி வைத்திருந்த காலம் அது. நடக்கிற காரியமா? எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. மாதம் நாற்பது, ஐம்பது தினார் மிச்சம் பிடிக்கிறவளுக்கு இருபத்தைந்து இலட்சம் சேர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பிள்ளை அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இண்டைக்கு எவ்வளவு பெரியம்மா?" என்று வாசலுக்கு வந்துவிடுவாள். நான் விலையைச் சொல்ல, கலண்டரில் அந்த நாளின் கட்டத்துக்குள் எழுதிவைப்பாள். ஏழு வயது. என் வயிறு எரியும். என்னைக் கண்ட சந்தோசத்தில் ஓடிவருகிற பிள்ளை என்று பக்கத்து வீட்டார் நினைப்பார்கள். அவள் ஓடிவந்தது அறுநூற்று அறுபத்தாறைக் கேட்க.

ஆனாலும் அந்தக் கேள்வியால் எனக்கும் ஒரு நன்மை இருந்தது. காசைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவள் என் மடியை விட்டு எழும்பமாட்டாள். பயிற்சி வகுப்பில் நான் படித்ததையெல்லாம் அவளுக்குக் கதையாகச் சொன்னேன். ஒல்லாந்தன் துட்டைக் கொண்டுவந்தது, வெள்ளைக்காரன் சில்லிங்கைக் கொண்டுவந்தது, பிறகு இந்தியாவின் ரூபாயை எங்கள் ரூபாயாக்கி அதை நூறு சதமாகப் பிரித்தது. கோப்பித் தோட்டக் காலத்தில் ஒரு தனியார் வங்கி அடித்த நோட்டுகளைச் சனம் நம்பிப் பெட்டிக்குள் வைத்திருக்க, கோப்பிச் செடிக்கு நோய் வந்து, அந்த வங்கியும் கவிழ்ந்து, நோட்டோடு சனம் தெருவில் நின்றது. அதற்குப் பிறகுதான் நோட்டடிக்கிற வேலையை அரசாங்கம் தன் கையில் எடுத்தது. சுதந்திரம் கிடைத்து, எங்களுக்கென்று ஒரு மத்திய வங்கி வந்த நேரம், ஒரு டொலருக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை.

"ஐஞ்சு ரூபாயோ!" என்று வாயைப் பிளந்தாள்.

எழுபத்தேழில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் டொலர் ஒரேயடியாக இரண்டு மடங்கானது, நான் வேலைக்குச் சேர்ந்த நேரம் நூறு, அவள் பிறந்த நேரம் நூற்று முப்பது என்று வரிசையாகச் சொன்னேன்.

"அப்ப அது ஒரு நாளும் இறங்கினதில்லையோ?"

"கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும். ஆனா அண்டைக்கு இருந்த இடத்துக்குத் திரும்பி வந்ததில்ல."

"அப்ப ஆயிரமும் வரும்" என்றாள். என் கதையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாள்.

வந்தது. பங்குனியில் அரசாங்கம் டொலரைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டது. அதன் பிறகு நடந்ததை இந்த நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன. கரண்ட் வரும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். சில நாட்களில் கொழும்பிலிருந்து விலைப்பட்டியல் இரண்டு தரம் வந்தது. காலையில் எழுதியதை மத்தியானம் அழித்து எழுதினேன். வெளிநாட்டில் ஆள் இருக்கிற குடும்பங்களுக்கு வாயெல்லாம் பல். "மிஸ், ஏறிட்டுதாமே!" என்று சிரித்துக்கொண்டு வருவார்கள்.

ஏறிட்டுது! எங்கள் ஊரில் ரூபாய் விழுந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. டொலர் ஏறிட்டுது, தினார் ஏறிட்டுது. தினார் குவைத்தில் இருந்த இடத்திலேயேதான் குந்தியிருந்தது. விழுந்தது என்னுடைய கோதாரி விழுந்த சம்பளம். பதினெட்டு வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சேலை கசங்காமல் இருந்து உழைத்த சம்பளத்தை, கணக்கில் கோட்டை விட்ட என் தங்கச்சி, அடுத்தவளின் குசினியைக் கழுவிக்கொண்டு, இரண்டு மாதத்தில் எட்டிப்பிடித்துவிட்டாள். இப்போது அம்மா உயிரோடு இருந்தால் ஆட்களுக்கு என்ன சொல்லியிருப்பா என்று நினைத்துப் பார்த்து, இருட்டுக் குசினியில் தனியாக நின்று கோபப்பட்டேன். செத்துப்போன தாயோடு கோபம்! இப்படியும் ஒரு விசர்.

சித்திரை வருசப் பிறப்புக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு காலை, தினாருக்கு நேரே வாங்கும் விலையில் ஆயிரத்து நான்கு என்று எழுதினேன். கதிரையில் நின்றபடியே அதைப் பார்த்தேன். மனேஜர், "என்ன மிஸ், தலை சுத்துதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்ற முன்பே கேள்வி வந்தது.

"தொளாயிரத்து எண்பது" என்றேன்.

"ஐயோ, இன்னும் இருபதுதான்!" என்று துள்ளிக்கொண்டு போய்க் கலண்டரில் எழுதினாள். கரண்ட் இல்லை, தொலைக்காட்சி இல்லை, பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் தினாரின் விலையைச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆளில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தங்கச்சி எடுத்தாள். மூச்சு வாங்கக் கதைத்தாள்.

"அக்கா, ஆயிரம் தாண்டிட்டுதாம், உண்மையோ? மேடத்திட்டக் காசை வாங்கி அனுப்பிவிடவோ? இஞ்ச எல்லாரும் உண்டியலில போடுகினம், பாங்கை விட அவங்கள் கூடத் தருவாங்களாம். ஆவணியோட என்ட ஒப்பந்தம் முடியுது. முடிய வந்திடுறன் எண்டு மேடத்திட்டச் சொல்லவோ?"

உண்டியல் என்பது வங்கிக்குப் போகாமல் ஆள்மாறிக் காசு அனுப்புகிற வழி. அங்கே ஒருவனிடம் தினாரைக் கொடுக்க, இங்கே ஒருவன் ரூபாயைக் கொண்டுவந்து தருவான். "உண்டியல் கள்ளர்ட வேலை, அதைத் தொடாத" என்று முதலில் அதை வெட்டினேன். அது வங்கிக்காரியின் நியாயம், அதில் பிழை சொல்ல ஏலாது. அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னுடையது.

"அவசரப்படாத. இப்ப அனுப்பாத. இன்னும் ஏறும்."

"இன்னுமோ அக்கா?"

"ஓம். ஆயிரத்து ஐந்நூறு போகும் எண்டு கதைக்கினம். இஞ்ச சீமெந்து விலை தெரியுமோ உனக்கு? கம்பி விலை தெரியுமோ? உன்ட இருபத்தைஞ்சு இலட்சத்துக்கு இப்ப அத்திவாரமும் கூரையும்தான் வரும். காணாது. பொறு. ஆவணிக்கு இன்னும் ஒருக்கா ஒப்பந்தம் போட்டிட்டு, ஏற ஏறப் பாத்து அனுப்பு."

அவள், "நீங்கள் பாங்கில இருக்கிற ஆள், உங்களுக்குத் தெரியாததோ" என்றாள்.

"பிள்ளைக்கு ஆயிரம் எண்டு சொல்லிப்போடாத. ஆசை காட்டி ஏமாத்தக் கூடாது" என்றும் சொல்லிவைத்தேன்.

சீமெந்து விலை ஏறியது உண்மை. ஆயிரத்து ஐந்நூறு என்று ஆட்கள் கதைத்ததும் உண்மை. நான் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் எடுத்து நீதிமன்றத்தில் வைத்தாலும் ஒருவரும் பிழை பிடிக்க ஏலாது. அதுதான் வங்கியில் பதினெட்டு வருடம் இருந்ததன் கெட்டித்தனம். ஆனால் அவள் வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சம்பூருக்குப் போய்விடுவாள், என் வீட்டில் அந்தச் சின்னச் செருப்பு கிடக்காது என்பது மட்டும்தான் அந்த நேரம் என் தலைக்குள் இருந்தது. ஆறு வருடம் நான் வளர்த்த பிள்ளையை ஒரு விமானச் சீட்டோடு வந்து தூக்கிக்கொண்டு போவாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அதிகம் கதைக்காத மனிசன். போனை வைத்ததும், பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல், "நீ பொறுக்கச் சொன்னது சீமெந்துக்காகவோ, பிள்ளைக்காகவோ?" என்று கேட்டார்.

"உங்களுக்கென்ன தெரியும் நாணயமாற்றைப் பற்றி?" என்று சீறினேன்.

"நாணயமாற்றைப் பற்றித் தெரியாது. உன்னைப் பற்றித் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் பிள்ளை மேல் ஆசை.

வருசப் பிறப்பு முடிந்து, பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், அவர் எனக்கு மத்தியானச் சாப்பாட்டைச் சைக்கிளில் கொண்டுவந்தபோது பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வங்கிக்குள் அன்று காலடி வைக்க இடமில்லை. பிள்ளை வெளியில் கண்ணாடிக் கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போக, வாசலில் அவள் ஓடி வரவில்லை. கலண்டருக்கு முன்னால் நின்றாள்.

"பெரியம்மா, பலகையில ஆயிரத்துப் பன்னிரண்டு எண்டு இருந்தது. குவைத் தினாருக்கு நேர. நான் பாத்தனான்."

கைப்பையை மேசையில் வைத்தேன்.

"எந்தப் பக்கம் பாத்தனி?"

"இந்தப் பக்கம். வாங்கும் விலை எண்டு இருந்தது. மற்றப் பக்கத்தை ஆக்கள் மறைச்சுக்கொண்டு நிண்டவை." அவளே தயங்கிக் கேட்டாள். "நான் பிழையான பக்கம் பாத்திட்டனோ?"

எத்தனை ஆயிரம் பேருக்கு அந்தப் பிழையைத் திருத்தியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பிழையைத் தூக்கி என் பிள்ளையின் கையில் நானே வைத்தேன்.

"ஓம் அம்மாச்சி" என்றேன். "வாங்கும் விலை எண்டா ஆக்கள் வந்து தினார் வாங்கிற விலை. அம்மா அனுப்பிற காசுக்கு மற்றப் பக்கம். அது குறைவு. அது இன்னும் ஆயிரம் வரேல்ல."

"அப்ப சரி" என்றாள். கலண்டரில் நான் சொன்ன தொளாயிரத்து எண்பத்தெட்டை எழுதினாள். அழக்கூட இல்லை. எனக்குச் சோறும் இறங்கியது, நித்திரையும் வந்தது. பொய் சொன்னவளுக்குச் சாப்பாடு இறங்காது என்று ஆட்கள் சொல்வதெல்லாம் சும்மா கதை.

வைகாசி முழுவதும் பலகையில் ஆயிரத்து நூறுக்கு மேல் எழுதிக்கொண்டு, வீட்டில் தொளாயிரத்துச் சொச்சம் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு, எண்பத்தைந்து, தொண்ணூறு. ஒரு நாள் நான் வந்து செருப்பைக் கழற்றினேன், அவள் வாசலுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கலண்டரில் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. விலையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்க வேண்டும். நினைக்கப் பார்த்தேன்.

ஆவணியில் தங்கச்சி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தாள். அன்று அவளோடு நான் மிகவும் அன்பாகக் கதைத்தேன். வென்ற பிறகு அன்பு காட்டுவது எவ்வளவு சுகம்!

தினார் ஆயிரத்து ஐந்நூறுக்குப் போகவில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் ரூபாய் எழும்பத் தொடங்கியது. என் உத்தியோக காலத்தில் அப்படி எழும்பி நான் கண்டதில்லை. பத்திரிகைகள் ரூபாய் பலமடைந்தது என்று எழுத, சனம் வந்து என் மேல் பாய்ந்தது. "இறங்கிட்டுதே மிஸ்!" என்று திட்டினார்கள். தங்கச்சியும் அதையேதான் கேட்டாள்.

"அக்கா, ஆயிரத்துக்குக் கீழ வந்திட்டுதாமே?"

"ஓம்."

"பரவாயில்லை அக்கா. நீங்கள் என்ன செய்வியள். எனக்கு நல்லதைத்தானே நினைச்சனீங்கள்."

நான் போன் லைன் கிடைக்காததுபோல "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த இரண்டு வருடத்தில் பிள்ளைக்கு முன்பல் விழுந்து முளைத்தது. நெருப்புக் காய்ச்சல் வந்தது. கணக்கில் வகுப்பில் முதலாவதாக வந்தாள். எல்லாவற்றுக்கும் நான் பக்கத்தில் இருந்தேன். போன் அடித்தால், "அம்மாவோட கதை" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் போவாள். தங்கச்சியின் முகம் சுருங்குவதைத் திரையில் பார்ப்பேன். என்னுடைய இரகசியச் சந்தோசங்களில் அதுவும் ஒன்று. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அது உண்மை.

தங்கச்சியின் ஒப்பந்தம் மறுபடி முடிகிற நேரம் வந்தது. இந்த முறை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வாற மாசம் வாறன் அக்கா, டிக்கற் எடுத்தாச்சு" என்றாள். பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் ஆளில்லாததால் பிள்ளையை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தோடு, வாடிக்கையாளர் கதிரை ஒன்றில், என் கண்ணாடிக்கு நேரே இருந்தாள்.

கிண்ணியாவிலிருந்து வழக்கமாக வருகிற வயதான வியாபாரி ஒருவர், மகன் கொண்டுவந்த சவூதி ரியாலோடு வந்தார். நான் தொகையைச் சொல்ல, பலகையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன மிஸ், அந்தப் பக்கம் கூடப் போட்டிருக்கு. எனக்கு இந்தப் பக்கத்துக் கணக்கத் தாறீங்க?"

இருபது வருடப் பழக்கம். வாய் தன்பாட்டில் திறந்தது.

"ஹாஜியார், எத்தனை தரம் சொல்லுறது? வாங்கும் விலை எண்டா பாங்க் வாங்கிற விலை. நீங்கள் விக்கிறீங்கள், நாங்கள் வாங்கிறம். வெளிநாட்டில இருந்து வாற காசு எதுக்கும் இந்தப் பக்கத்து விலைதான்."

"அப்படியா? சரி சரி, கோவிக்காதீங்க" என்று அவர் சிரித்தார். கண்ணாடிக்கு அப்பால் பிள்ளை புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்வரை நான்தான் வாய் ஓயாமல் கதைத்தேன். ஐஸ்கிரீம் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். பின்னேரம் மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கூப்பிட்டாள்.

"பெரியம்மா. பாங்க் வாங்கிற விலைதான் அம்மாட காசுக்கு, என்ன?"

"ஓம்."

"அப்ப அண்டைக்கு நான் சரியான பக்கம்தான் பாத்தனான்."

அது கேள்வியாக வரவில்லை. வகுப்பில் விடை சொல்வது போலச் சொன்னாள். நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிழையாகச் சொல்லிவிட்டேன், மறந்துவிட்டேன், அந்த நேரம் வேலைக் களைப்பு என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது.

"ஓம்" என்றேன். "ஆயிரம் தாண்டிட்டுது அண்டைக்கு. நான்தான் பொய் சொன்னனான். அம்மாவைப் பொறுக்கச் சொன்னதும் நான்தான்."

"ஏன்?"

"நீ போயிடுவாய் எண்டு."

அவள் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், "அம்மா வரட்டும். வந்தவுடன நானே அவவிட்டச் சொல்லுறன்."

பென்சில் கீழே விழுந்தது. "சொல்லாதேங்கோ!" என்று கத்தினாள். "சொன்னா அம்மா என்னை உங்களிட்ட வர விடமாட்டா. சம்பூருக்குக் கொண்டுபோனா பிறகு ஒரு நாளும் விடமாட்டா." முகம் கோணி அழத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை. சந்தோசம். இவளுக்கு நான் வேண்டும் என்கிற சந்தோசம். என்னால் இரண்டு வருடம் தாயில்லாமல் இருந்த பிள்ளை என் முன்னால் அழுகிறாள், எனக்குச் சந்தோசம்! சீ, இதுவும் ஒரு மனமா. வெட்கம் பிறகுதான் வந்தது. அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் உள்ளங்கையில் தன் கையை வைத்து, "நானும் அம்மாட்டச் சொல்லமாட்டன், சத்தியமா" என்றாள்.